ஒலிம்பஸ் மலை ஏற்றம்: மீதிகாஸ் உச்சிக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ஒலிம்பஸ் மலைக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை, உச்சி கண்ணுக்கு எதிரே நிற்க, மேகம் வந்து மூடியதால் திரும்பிவிட்டேன். இரண்டு வருடம் கழித்து மறுபடி போய் ஏறினேன். அதிலிருந்து, போக நினைக்கிறவர்கள் ஃபோனிலும் மெயிலிலும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். எல்லாமே கோடைகால ஏற்றத்தைப் பற்றியவை.

ஒலிம்பஸ் எங்கே இருக்கிறது? எவ்வளவு உயரம்?

வடக்கு கிரேக்கத்தில், தெசலிக்கும் மாசிடோனியப் பகுதிக்கும் நடுவே இருக்கிறது. கிரேக்க நாட்டின் மிக உயரமான மலை இதுதான். ஒற்றைக் கூம்பாக நிற்கும் மலை அல்ல, பல சிகரங்கள் கூடிய பெரிய பாறைத் தொகுதி. அதில் உயர்ந்தது மீதிகாஸ். உயரம் 2,917.7 மீட்டர் என்பதால் சில பலகைகளில் 2,917 என்றும் சிலவற்றில் 2,918 என்றும் எழுதியிருப்பார்கள். கிரேக்க மொழியில் 'மீதி' என்றால் மூக்கு. கீழிருந்து பார்த்தால் அந்தப் பெயர் ஏன் வந்தது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பக்கத்திலேயே ஸ்கோலியோவும் ஸ்தெஃபானியும் 2,900 மீட்டரைத் தாண்டி நிற்கின்றன. ஸ்தெஃபானி ஒரு பெரிய நாற்காலியின் முதுகைப் போல இருப்பதால் கிரேக்கத் தெய்வங்களின் அரசன் பெயரால் அதை 'ஸீயஸின் அரியணை' என்று அழைக்கிறார்கள்.

உயரத்தை விட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. கடல் இங்கிருந்து 20 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கடற்கரையில் நின்று அண்ணாந்து பார்த்தால் மலை முழுவதும் ஒரே வீச்சில் மேலே எழும்பி நிற்கும். இந்த மலையின் அழகுக்கும் ஆபத்துக்கும் அந்தக் கடல்தான் காரணம். எப்படி என்று கீழே சொல்கிறேன்.

ஒலிம்பிக் போட்டிகள் நடந்தது இங்கேயா?

இல்லை. அது ஒலிம்பியா. தெற்கே பெலோபொனீஸில், இங்கிருந்து மிகத் தொலைவில் இருக்கிறது. ஒலிம்பஸில் குடியிருந்ததாகச் சொல்லப்பட்ட ஸீயஸுக்காக அங்கே போட்டிகள் நடத்தினார்கள் என்பதால் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் இந்த மலையின் அடிவாரத்திலிருக்கும் தியோன் நகரிலும் மாசிடோனிய அரசன் ஆர்கெலாவோஸ் ஸீயஸுக்கும் கலைத்தேவியருக்கும் விழா எடுத்து நாடகமும் விளையாட்டும் நடத்தினான். அந்த விழாவின் பெயரும் ஒலிம்பியாதான். குழப்பம் வருவதில் வியப்பில்லை.

சைப்ரஸ் தீவிலும் 1,952 மீட்டர் உயரத்தில் ஓர் ஒலிம்பஸ் இருக்கிறது. டிக்கெட் போடுமுன் எந்த ஒலிம்பஸ் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மலையில் யார் யார் இருந்ததாகப் புராணம் சொல்கிறது?

கிரேக்கர்களின் பன்னிரண்டு பெருந்தெய்வங்கள்: ஸீயஸ், ஹீரா, போஸைடன், டிமீட்டர், அதீனா, அப்பல்லோ, ஆர்ட்டெமிஸ், ஏரெஸ், அஃப்ரோடைட்டி, ஹெர்மீஸ், ஹெஃபைஸ்டஸ். பன்னிரண்டாவது இடத்தில் சில பட்டியல்களில் ஹெஸ்டியா, சிலவற்றில் டயோனைசஸ். பாதாளத்தை ஆளும் ஹேடீஸுக்கு இந்த மலையில் வீடு கிடையாது.

இவர்கள் சும்மா வந்து குடியேறிவிடவில்லை. தெற்கே ஓத்ரிஸ் மலையில் முந்தைய தலைமுறைத் தெய்வங்களான டைட்டன்கள், இங்கே ஸீயஸும் அவன் உடன்பிறந்தவர்களும் என்று இரண்டு மலைகளுக்கும் நடுவே பத்து வருடம் போர் நடந்ததாகப் பழங்காலக் கிரேக்கக் கவிஞர் ஹெஸியோட் பாடுகிறார். பிறகு ஓடஸ், எஃபியால்டஸ் என்ற இரண்டு ராட்சதப் பிள்ளைகள், ஒலிம்பஸின் மேல் ஓஸா மலையையும் அதன் மேல் பெலியோன் மலையையும் தூக்கி வைத்து வானத்துக்கு ஏறப் பார்த்தார்கள். மீசை முளைக்குமுன்பே அப்பல்லோ அவர்களைக் கொன்றுவிட்டான். ஓஸாவும் பெலியோனும் கற்பனை மலைகள் அல்ல. வானம் தெளிவாக இருந்தால் மேலிருந்து தெற்கே பார்க்கும்போது இரண்டும் வரிசையாகத் தெரியும்.

என் மனதை விட்டு அகலாத கதை வேறு. ஹோமரின் இலியட் காவியத்தின் ஐந்தாம் காண்டத்தில் ஹீராவின் தேர் புறப்படும்போது வானத்தின் கதவுகள் தாமாகத் திறந்துகொள்கின்றன. அந்தக் கதவுகளுக்குக் காவல் ஹோராய் என்ற பருவகாலத் தேவியர். கனத்த மேகத்தைத் திறப்பதும் சாத்துவதும் அவர்கள் வேலை என்கிறார் ஹோமர். முதல் முறை போனபோது இதைக் கவிதை என்று நினைத்திருந்தேன். இப்போது இந்த மலையைப் பற்றி எழுதியவற்றிலேயே மிகச் சரியான வானிலைக் குறிப்பு அதுதான் என்று நினைக்கிறேன்.

மேகக் கதவு என்கிறீர்களே, அது எத்தனை மணிக்கு மூடும்?

கோடையில் பெரும்பாலும் பகல் பன்னிரண்டை ஒட்டி. சில நாள் பத்தரைக்கே மூடிவிடும்.

நடப்பது இதுதான். மலைக்குக் கிழக்கே தெர்மைக் வளைகுடா. காலை வெயில் நேராகக் கிழக்குச் சரிவில் விழுந்து பாறையைச் சூடாக்குகிறது. சூடான காற்று சரிவோடு மேலே ஏறும்போது கடலின் ஈரத்தையும் கூட்டிக்கொண்டு போகிறது. உயரத்தில் அது குளிர்ந்து மேகமாகிறது. விடியற்காலையில் துடைத்து வைத்த மாதிரி இருந்த சிகரம் மதியத்துக்குள் காணாமல் போவதும், சாயங்காலம் இடி இடிப்பதும் அதனால்தான். முன்னறிவிப்பில் 'வெயில்' என்று போட்டிருந்தாலும் மேலே இது நடக்கும்.

ஆகவே என் ஒரே உறுதியான ஆலோசனை: மலைவிடுதியிலிருந்து காலை 6 மணிக்குள் கிளம்பிவிடுங்கள், 10 மணிக்குள் மீதிகாஸில் இருங்கள். அதற்குமுன் மேகம் வந்தால் திரும்புங்கள். கையிலிருக்கும் உலோகம் ரீங்காரமிட ஆரம்பித்தாலோ, தலைமுடி சிலிர்த்து நின்றாலோ யோசிக்கவே வேண்டாம், முகட்டை விட்டு உடனே இறங்க வேண்டும். மின்னல் முதலில் தேடுவது முகட்டைத்தான்.

முதலில் ஏறியது யார்?

1913-ஆம் வருடம் ஆகஸ்ட் 2-ஆம் தேதி, காலை 10:25-க்கு மூன்று பேர் மீதிகாஸில் நின்றார்கள். ஃபிரெடெரிக் புவாஸோனா என்ற சுவிஸ் புகைப்படக்காரர், அவருடைய நண்பர் தானியேல் போ-போவி, மலையடிவாரத்து லிதோகோரோ ஊரைச் சேர்ந்த காட்டாட்டு வேட்டைக்காரர் கிறிஸ்தோஸ் காக்காலோஸ்.

எவரெஸ்ட்டில் பாதி உயரம்கூட இல்லாத மலை, ஐரோப்பாவிலேயே இருக்கிறது, ஆனாலும் 1913 வரை யாரும் ஏறியதாகப் பதிவில்லை. ஏன்? பாறை ஒரு காரணம். இன்னொரு காரணம் கொள்ளைக்காரர்கள். அந்தப் பகுதி 1912 வரை ஒட்டோமான் ஆட்சியில் இருந்தது. எட்வார்ட் ரிக்டர் என்ற ஜெர்மன் பொறியாளர் 1911-இல் ஏற முயன்றபோது கொள்ளையர்கள் கூட வந்த காவலர்களைக் கொன்று அவரைக் கடத்திக்கொண்டு போய்விட்டார்கள். பணம் கொடுத்துத்தான் அவரை மீட்க வேண்டியிருந்தது.

1913 குழுவின் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது அவர்கள் செய்த தவறு. மூடுபனிக்குள் ஏறி ஒரு முனையை அடைந்தார்கள். அதுதான் உச்சி என்று நம்பி ஒரு அட்டையில் குறிப்பெழுதி, பாட்டிலில் போட்டுப் புதைத்தார்கள். இறங்க ஆரம்பித்தபோது பனி விலகியது. எதிரே இன்னும் உயரமான ஒரு சிகரம்! சோர்ந்து போனவர்கள் அப்படியே இறங்கியிருக்கலாம். காக்காலோஸ் இறங்கவில்லை. ஆட்டுவேட்டைக்குப் போவதைப் போலவே வெறுங்காலோடு ஒரு செங்குத்துப் பிளவில் ஏறத் தொடங்கினார். மற்ற இருவரும் கயிற்றில் கட்டிக்கொண்டு பின்னால் ஏறினார்கள். அந்தப் பிளவின் முடிவில்தான் மீதிகாஸ்.

காக்காலோஸ் பிறகு ஒலிம்பஸின் முதல் அதிகாரபூர்வ வழிகாட்டி ஆனார். 1921-இல் சுவிஸ் வரைபடக்காரர் மார்செல் கூர்ஸ் ஸ்தெஃபானியில் முதன்முதலாக ஏறியபோதும் உடன் இருந்தவர் அவரே. மேலே கலைத்தேவியர் சமவெளியில் இருக்கும் ஒரு மலைவிடுதிக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். இங்கே ஏறப் போகிறவர்கள் ஸீயஸின் பெயரோடு இந்தப் பெயரையும் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பது என் ஆசை.

அப்படியானால் பழங்காலத்தில் யாருமே மேலே போகவில்லையா?

போனார்கள். அகியோஸ் அந்தோனியோஸ் என்ற சிகரத்தில், 2,800 மீட்டருக்கு மேல், பலி கொடுத்த சாம்பலும் விலங்கு எலும்புகளும் பானை ஓடுகளும் நாணயங்களும் கிடைத்திருக்கின்றன. ஸீயஸுக்கு அங்கே வழிபாடு நடந்திருக்கிறது. இன்னொரு சிகரமான ப்ரொஃபிதிஸ் இலியாஸில் 16-ஆம் நூற்றாண்டில் புனித தியோனிசியோஸ் கட்டிய சிறு கல் தேவாலயம் இன்றும் நிற்கிறது. எலியா தீர்க்கதரிசியின் திருநாளான ஜூலை 20-ஐ ஒட்டி மக்கள் அங்கே ஏறிப் போகிறார்கள். கடவுளின் பெயர் மாறியது, மலை ஏறும் வழக்கம் மாறவில்லை.

உண்மையில் எவ்வளவு கடினம்?

மலையை இரண்டாகப் பிரித்துச் சொன்னால்தான் புரியும்.

பிரியோனியா என்ற இடத்தில் கார் சாலை முடிகிறது. அங்கே உயரம் 1,100 மீட்டர். அங்கிருந்து ஸ்காலா என்ற முகடு வரை, அதாவது 2,900 மீட்டருக்குச் சற்றுக் கீழே வரை, இது நடைதான். பாதை தெளிவு, மூச்சு வாங்கும், தொடை வலிக்கும், ஆனால் கைக்கு வேலை இல்லை. மாடிப்படி ஏறப் பழகிய, தினமும் நடக்கிற ஆரோக்கியமான யாரும் இரண்டு நாளில் இதைச் செய்யலாம்.

ஸ்காலாவிலிருந்து மீதிகாஸ் வரை முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். அது வேறு மலை. நடை முடிந்து, கையும் காலும் சேர்ந்து பாறையைப் பிடித்து ஏறும் வேலை தொடங்குகிறது. மலையேறிகளின் அளவுகோலில் இரண்டாம் தரம் என்பார்கள். பாறை ஏறிப் பழகியவருக்கு எளிது. ஆனால் அந்தத் தரம் பிடிகள் எவ்வளவு சுலபம் என்பதை மட்டும்தான் சொல்கிறது. வழுக்கினால் எங்கே போய் விழுவோம் என்பதைச் சொல்வதில்லை. இந்த மலையில் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். அவர்களில் அனுபவசாலிகளும் உண்டு.

அந்தக் கடைசிப் பகுதியைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்களேன்.

பெயர் காக்கோஸ்காலா. 'கெட்ட படிக்கட்டு' என்று பொருள். ஸ்காலாவில் நின்றதும் முதல் அதிர்ச்சி, பாதை மேலே போகாமல் கீழே இறங்குவது. உச்சிக்குப் போக வேண்டியவர்கள் முதலில் பாறையைப் பார்த்துத் திரும்பி, ஏணியில் இறங்குவது போல இறங்க வேண்டும். நடைக்கோல்களை இங்கேயே மடித்துப் பையில் கட்டிவிடுங்கள். கோலைக் கையில் தொங்கவிட்டபடி இறங்கிய ஒருவரின் கோல் பிளவில் சிக்கி அவரைப் பின்னுக்கு இழுத்ததை நான் பார்த்தேன். கீழே நின்றவர் முதுகில் கை கொடுத்துத் தாங்கிவிட்டார்.

பாறையில் சிவப்பும் மஞ்சளுமாக வண்ணக்குறிகள் இருக்கும். அதை விட்டு விலகாதீர்கள். குறி தெரியவில்லை என்றால் முன்னே போகாமல், கடைசியாகப் பார்த்த குறிக்கே திரும்பி வாருங்கள். பாதை பெரும்பாலும் முகட்டின் வலப்பக்கத்து விளிம்புகளில் போகும். சில இடங்களில் முகட்டின் வெட்டுக்கு வந்ததும் இடப்பக்கம் கசானியா திறந்துகொள்ளும். கசானியா என்றால் அண்டாக்கள். பனியாறுகள் குடைந்த பெரும் பள்ளங்கள் அவை, நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழம். அங்கிருந்து மேலே வரும் குளிர்காற்று முகத்தில் அடிக்கும்போது வயிற்றில் புளியைக் கரைக்கும். ஒரு முறை பார்த்துக்கொண்டு கண்ணைக் கைக்குத் திருப்பிவிடுங்கள்.

பாறை சுண்ணாம்புக்கல், அடுக்கடுக்காக வெடித்தது. பிடி நிறைய உண்டு, எல்லாமே உறுதியானவை அல்ல. ஒவ்வொரு பிடியையும் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பேன். உறுதியான கல் ஊமையாக இருக்கும். ஆடும் கல் காலிப் பானையைப் போலச் சத்தம் கொடுக்கும். பல்லாயிரம் கைகள் பிடித்த சில இடங்கள் வழவழவென்று மெருகேறியிருக்கின்றன, அங்கே ஈரம் இருந்தால் சோப்பு மாதிரி வழுக்கும். இரண்டு கை, இரண்டு கால் ஆகிய நான்கில் எப்போதும் மூன்று பாறையில் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும்தான் நகர்த்த வேண்டும். இதைச் சொல்வது சுலபம், எதிரே பத்துப் பேர் இறங்கி வந்துகொண்டிருக்கும்போது கடைப்பிடிப்பதுதான் கஷ்டம். அகலமான இடத்தில் ஒதுங்கி நின்று அவர்களுக்கு வழிவிடுங்கள். அவசரப்படுத்துகிறவருக்கும் வழிவிட்டுவிடுங்கள்.

திரும்பி வருவதும் இதே வழியில்தான். ஏறும்போது கால் வைத்த இடம் இறங்கும்போது தெரியாது. அதனால் ஏறும்போதே நடுநடுவே நின்று திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

லூக்கி வழி சுலபம் என்கிறார்களே?

லூக்கி என்பது மீதிகாஸுக்கும் ஸ்தெஃபானிக்கும் நடுவே கிழக்கு முகத்தில் நேராக மேலேறும் ஒரு செங்குத்துப் பிளவு. வாய்க்கால், குழாய் என்ற பொருளில் வைத்த பெயர். தூரம் குறைவு, பாதாளம் கண்ணில் படாது, அதனால் பலருக்கு மனசுக்கு எளிதாக இருக்கிறது.

ஆனால் அது குழாய் என்பதை மறந்துவிடக் கூடாது. மேலே யார் காலால் தட்டிய கல்லும் அந்த வழியாகத்தான் வரும். ஆளே இல்லாதபோதுகூடக் காட்டாடுகள் தட்டிவிடும். நான் கீழே சோனாரியா பாதையில் நின்றிருந்தபோது, தலையளவுக் கல் ஒன்று மூன்று முறை மோதிச் சிதறி எங்கள் முன்னால் இருந்த சரளையில் புதைந்தது. கந்தக வாடை போல ஒன்று ஒரு நொடி காற்றில் நின்றது. ஹெல்மெட் இல்லாமல் லூக்கிக்குள் தலையை நீட்டாதீர்கள். கூட்டமான நாளில் அதன் வழியே இறங்குவதையும் தவிர்த்துவிடுங்கள்.

எந்த மாதத்தில் போகலாம்?

ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை. ஜூன் தொடக்கத்தில் லூக்கி போன்ற பிளவுகளில் பழைய பனி கிடக்கும், அதில் வழுக்கித்தான் பல விபத்துகள் நடக்கின்றன. எனக்குப் பிடித்தது செப்டம்பர் முதல் பாதி. கூட்டம் குறைவு, இடியும் குறைவு. குளிர்காலத்தில் கோடைப் பாதை என்ற ஒன்றே இருக்காது. பனிக்கோடரியும் முள்காலணியும் பனிச்சரிவு அறிவும் உள்ளவர்களுக்கான மலை அது.

எப்படிப் போவது, எத்தனை நாள் வேண்டும்?

தெசலோனிக்கியிலிருந்து லிதோகோரோ ஏறத்தாழ 90 கிலோமீட்டர். பஸ்ஸில் போனால் கதேரினியில் மாற வேண்டியிருக்கும். லிதோகோரோவிலிருந்து பிரியோனியாவுக்கு 18 கிலோமீட்டர் மலைச்சாலை, டாக்ஸி அல்லது வாடகைக் கார். எனிபியாஸ் பள்ளத்தாக்கு வழியாக நடந்தும் போகலாம், அதற்கு ஒரு முழுநாள் ஒதுக்க வேண்டும். மரப்பாலங்களும் பச்சைக் கண்ணாடி போன்ற நீர்க்குட்டைகளுமாக அந்த வழி அவ்வளவு அழகு. வழியில் புனித தியோனிசியோஸின் பழைய மடம் வரும். 16-ஆம் நூற்றாண்டில் கட்டியது, 1943-இல் ஜெர்மன் படை வெடிவைத்துத் தகர்த்தது. பாதி இடிந்த சுவர்களுக்கு நடுவே இப்போதும் மணி அடிக்கிறது.

இரண்டு நாள் திட்டம் போதும். முதல் நாள் மதியம் பிரியோனியாவிலிருந்து கிளம்பினால் மூன்று மணி நேரத்தில் 2,100 மீட்டரிலிருக்கும் ஸ்பீலியோஸ் அகாபிதோஸ் மலைவிடுதி. மறுநாள் விடியலில் கிளம்பி இரண்டரை மணியில் ஸ்காலா, அங்கிருந்து மீதிகாஸ், மதியம் மறுபடி விடுதி, மாலைக்குள் பிரியோனியா. இறங்கும்போது முழங்கால் கெஞ்சும், உச்சியிலிருந்து ஒரே நாளில் 1,800 மீட்டர் இறக்கம் அது. மழையில்லாத ஒரு நாளைக் கூடுதலாகக் கையில் வைத்திருந்தால் இன்னும் நல்லது. ஒரே நாளில் ஏறி இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கீழிருந்து கிளம்பி வருகிறவர் காக்கோஸ்காலாவை அடைவது, மேகம் அடைகிற அதே நேரத்தில்தான்.

மலைவிடுதி எப்படி இருக்கும்? சைவச் சாப்பாடு கிடைக்குமா?

அடுக்குக் கட்டில்கள், கம்பளிப் போர்வை, இரவு பத்துக்கு விளக்கு அணைப்பு. நூறு பேருக்கு மேல் படுக்கலாம், அப்படியும் ஜூலை, ஆகஸ்ட் வாரக்கடைசிகளில் இடம் கிடைக்காது. முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு அங்கே வைத்திருக்கும் செருப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். ஃபசோலாதா என்ற வெள்ளை மொச்சை போன்ற அவரை சூப், ரொட்டி, ஸ்பாகெட்டி, ஆம்லெட் எல்லாம் உண்டு. ஒரு சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: 'நிஸ்தீசிமோ'. கிரேக்கத் திருச்சபையின் நோன்பு நாட்களில் சாப்பிடும் உணவுக்கு அந்தப் பெயர். இறைச்சி, முட்டை, பால் இருக்காது. நத்தை, கணவாய் போன்றவற்றை மட்டும் நோன்பில் அனுமதிப்பார்கள் என்பதால் அதையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்பது என்னவென்று ஊர்ப் பாட்டிக்கும் உடனே புரிந்துவிடும்.

நீங்கள் தட்டில் பார்க்கும் ஒவ்வொரு அவரையும் கோவேறு கழுதை முதுகில் ஏறி வந்தது. பாதையில் மணிச்சத்தம் கேட்டால் மலைச்சுவர்ப் பக்கமாக ஒதுங்கி நில்லுங்கள், பள்ளத்துப் பக்கம் அல்ல. மூட்டையோடு வரும் கழுதை உரசினாலே தள்ளிவிடும்.

என்னென்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

ஹெல்மெட். இதில் மட்டும் வாதத்துக்கு இடமில்லை. விடுதியில் வாடகைக்குக் கிடைக்குமா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள், இல்லாவிட்டால் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள். அடி கெட்டியான, பிடிப்புள்ள ஷூ. ஜூலையிலும் ஒரு ஸ்வெட்டரும் காற்று புகாத ஜாக்கெட்டும். மெல்லிய கையுறை, நெற்றி விளக்கு, தூங்குவதற்குத் துணிப்பை, ரொக்கப் பணம். தண்ணீர் இரண்டு லிட்டர் விடுதியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், அதற்கு மேல் ஊற்று கிடையாது. பை முதுகோடு ஒட்டியிருக்க வேண்டும், பக்கவாட்டில் எதுவும் தொங்கக் கூடாது.

வழிகாட்டி அவசியமா?

ஸ்காலா வரை தேவையில்லை. அதற்கு மேல், பாறை ஏறிப் பழக்கமில்லாதவர்கள் உரிமம் பெற்ற வழிகாட்டியோடு கயிறு கட்டிப் போவதே சரி. அதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை, முதலில் ஏறிய இரண்டு சுவிஸ்காரர்களும் உள்ளூர்க்காரர் பின்னால்தான் ஏறினார்கள். கயிறு கட்டத் தெரியாதவர்கள் கயிறு கொண்டு போவதில் மட்டும் பயனில்லை.

எனக்கு உயரம் என்றால் பயம். குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போகலாமா?

மலைவிடுதி வரை தாராளமாக. பத்து வயதுப் பிள்ளைகள் துள்ளிக்கொண்டு ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். பழகிய பிள்ளைகள் ஸ்காலா வரைகூட வருவார்கள். மீதிகாஸுக்கு வேண்டாம்.

பயத்தைப் பற்றி: ஸ்காலாவில் போய் நின்று காக்கோஸ்காலாவைப் பத்து நிமிடம் பாருங்கள். கை வேர்ப்பது நின்று, மனசு அடங்கினால் போகலாம். அடங்காவிட்டால் அந்த உடம்பு சொல்வதைக் கேளுங்கள். பாதி வழியில் கால் உதறி நின்றுவிட்டால் உங்களுக்கு முன்னும் பின்னும் இருப்பவர்களுக்கும் அது ஆபத்து.

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு விசா?

ஷெங்கன் விசா வேண்டும். மலைக்கு என்று தனி அனுமதிச் சீட்டு எனக்குத் தேவைப்படவில்லை.

உச்சிக்குப் போகாமல் திரும்பினால் வந்தது வீண்தானே?

இந்தக் கேள்வியை நானே ஸ்காலாவில் நின்று என்னைக் கேட்டேன். அன்று மணி 10:40. கீழே மாவ்ரோலோங்கோஸ் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் பால் பொங்குவது மாதிரி பொங்கி வந்தது. மீதிகாஸின் அடி மறைந்தது, இடுப்பு மறைந்தது, கடைசியில் உச்சி மட்டும் ஒரு கறுப்புக் கல்லாக மிதந்தது, பிறகு அதுவும் இல்லை. என் நண்பன், 'அரைமணிதான், ஓடிப் போய்த் தொட்டுவிட்டு வந்துவிடலாம்' என்றான். நான் முடியாது என்றேன். கொஞ்சம் மனஸ்தாபம்கூட வந்தது. மலைவிடுதியை எட்டுமுன் ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டது. விடுதித் திண்ணையில் நனைந்து நின்றபடி அவன் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். அதைப் பற்றி நாங்கள் பிறகு பேசவில்லை.

மேகம் இல்லாமல், பயத்தினால் மட்டும் திரும்புகிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஸ்காலாவிலிருந்து இன்னொரு பக்கம் அரைமணிக்குள் ஸ்கோலியோ. நடந்தே போகலாம். மீதிகாஸை விடச் சில மீட்டர்தான் உயரம் குறைவு. கசானியாவுக்கு அந்தப் பக்கம் மீதிகாஸும் ஸ்தெஃபானியும் சுவர் எழுப்பி நிற்பதை முழுதாகப் பார்க்க முடிவது அங்கிருந்துதான். மீதிகாஸின் மேல் நிற்பவருக்கு அந்தக் காட்சி கிடைப்பதில்லை.

உச்சியில் என்ன இருக்கிறது?

நில அளவைத் தூண் ஒன்று, தகட்டில் வண்ணம் அடித்த கிரேக்கக் கொடி, பெயர் எழுத ஒரு புத்தகம். இடம் சிறியது, பத்துப் பதினைந்து பேர் நின்றால் நெருக்கம். நான் போன காலையில் கிழக்கே கடல் வெள்ளித்தகடாகக் கிடந்தது. ஒலிம்பஸ், காற்றும் மழையும் பனியும் தொடாத இடம் என்று ஹோமரின் ஒடிஸியில் வருகிறது. அங்கே நின்ற பதினைந்து நிமிடமும் ஜாக்கெட் படபடத்துக்கொண்டே இருந்தது.

வழியில் கவனித்துப் பார்க்க வேண்டியவை?

கீழே பீச் மரங்களும் கறும்பைனும். மேலே ரோபோலோ என்ற வெளிர்பட்டைப் பைன், இடி விழுந்து முறுக்கிய உடம்போடு நிற்கும். பாறை நிழலில் வெள்ளிமயிர் இலையும் ஊதாப் பூவுமாக யான்கேயா கிடைத்தால் மண்டியிட்டுப் பாருங்கள், பறிக்காதீர்கள். வெப்பமண்டலத் தாவரக் குடும்பத்தைச் சேர்ந்த அந்தச் சிறு செடி, பனியுகத்துக்கு முந்தைய காலத்திலிருந்து பிழைத்து வந்தது. உலகத்தில் இந்த மலையில் மட்டும்தான் முளைக்கிறது. 1938-இல் கிரேக்கம் தன் முதல் தேசியப் பூங்காவாக அறிவித்தது இந்த மலையைத்தான்.

ஆபத்து என்றால்?

112. அழைக்கும்போது எந்தப் பாதையில் இருக்கிறீர்கள் என்ற பெயரைச் சொல்லுங்கள்: காக்கோஸ்காலா, லூக்கி, சோனாரியா. கிளம்புமுன் விடுதிப் பொறுப்பாளரிடம் எந்த வழியில் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். காலையில் அவர் 'இன்று வேண்டாம்' என்றால், வேண்டாம்.

இறங்கிய மறுநாள் எங்கே போகலாம்?

தியோனுக்கு. லிதோகோரோவிலிருந்து மிக அருகில். ஆசியப் படையெடுப்புக்கு முன் அலெக்ஸாந்தர் ஸீயஸுக்குப் பலி கொடுத்து விழா எடுத்த ஊர். இப்போது சிதிலங்களுக்கு நடுவே ஊற்றுநீர் ஓடுகிறது, தவளைகள் கத்துகின்றன, ஐஸிஸ் கோவில் பாதி தண்ணீரில் நிற்கிறது. புராணப் பாடகன் ஒர்ஃபியஸைக் கொன்ற பெண்கள் கையிலிருந்த ரத்தத்தைக் கழுவ வந்தபோது, அதற்கு உடன்படாத ஆறு மண்ணுக்குள் ஒளிந்துகொண்டது, பிறகு வேறிடத்தில் வெளியே வந்தது என்று இந்த ஊரைப் பற்றிப் பழங்காலக் கிரேக்கப் பயண எழுத்தாளர் பாசானியாஸ் எழுதியிருக்கிறார்.

மூட்டு வலியோடு அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்து மேற்கே பார்த்தேன். மணி பதினொன்று. முகடு முழுவதும் தெளிவாக இருந்தது. கையிலிருந்த ஆப்பிளைச் சாப்பிட்டு முடிப்பதற்குள் மீதிகாஸ் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒன்று வந்து நின்றுவிட்டது.